வயர்லெஸ் இயர்பட்ஸ் இணைப்பும் கோளாறுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயர்பட்ஸ் இணையவில்லை என்றால் பலரும் முதலில் கை வைப்பது ரீசெட்டில்தான். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: பட்ஸில், போனில், அல்லது இரண்டுக்கும் நடுவே உள்ள காற்றில். அது எந்த இடம் என்று தெரிந்துகொள்ள 2 நிமிடச் சோதனை போதும். அதே பட்ஸை வேறொரு போனில் இணைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் போனில் வேறொரு ப்ளூடூத் ஸ்பீக்கரையோ ஹெட்செட்டையோ இணைத்துப் பாருங்கள். வேறு போனிலும் அதே தொல்லை என்றால் குறை பட்ஸில். உங்கள் போனில் எதுவுமே சரியாக இணையவில்லை என்றால் குறை போனில். இரண்டும் தனித்தனியே ஒழுங்காக இருந்து, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தகராறு செய்தால் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். கீழே உள்ள பதில்கள் இந்தச் சோதனையைச் செய்துவிட்டீர்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை.

பேரிங் செய்வதும் கனெக்ட் ஆவதும் ஒன்றுதானா?

இல்லை. இந்த வேறுபாடு புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பேரிங் ஒரே ஒரு தடவை நடப்பது. அப்போது போனும் பட்ஸும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, இரண்டும் ஆளுக்கொரு நகலை நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. கனெக்ட் ஆவது ஒவ்வொரு முறை கேஸைத் திறக்கும்போதும் நடப்பது. இரண்டு பக்கச் சாவியும் பொருந்தினால் கேள்வி கேட்காமல் இணைந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் சாவி அழிந்துவிட்டால்தான் சிக்கல். பட்ஸை ரீசெட் செய்திருப்பீர்கள், போனின் பட்டியலில் பழைய பெயர் அப்படியே இருக்கும். தொட்டால் 'கனெக்டிங்' என்று சில நொடி சுற்றிவிட்டு நின்றுவிடும். நாள் முழுக்கத் தொட்டாலும் இணையாது. பட்ஸின் நினைவகத்துக்கும் எல்லை உண்டு. அந்த எண்ணிக்கையைத் தாண்டிப் புதுக் கருவிகளை இணைத்தால் மிகப் பழையதை அது தானாகவே மறந்துவிடும். எனவே தீர்வு எப்போதும் இரண்டு பக்கமும் சேர்ந்ததாக இருக்க வேண்டும்: போனில் அந்தப் பெயரை 'ஃபர்கெட்' செய்யுங்கள், பட்ஸைப் பேரிங் மோடுக்குக் கொண்டுபோங்கள், புதிதாக இணையுங்கள்.

புது பட்ஸை முதல்முறை இணைப்பது எப்படி?

1. பட்ஸை வெளியே எடுத்து, சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பல தயாரிப்புகளில் இருக்கும். இதை உரிக்காமல் 'ஒரு பக்கம் வேலை செய்யவில்லை' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய.
2. இரண்டையும் கேஸில் வைத்து, கேஸைச் சார்ஜரில் மாட்டி அரை மணி நேரமாவது விடுங்கள். நீண்ட நாள் பெட்டியில் கிடந்த பேட்டரி சில நேரம் விழித்துக்கொள்ளவே கொஞ்சம் சார்ஜ் கேட்கும்.
3. மூடியைத் திறங்கள், பட்ஸை எடுக்க வேண்டாம். ஒரு போனையும் இதுவரை அறியாத பட்ஸ் பெரும்பாலும் தானாகவே பேரிங் மோடுக்குப் போகும்.
4. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கனெக்டெட் டிவைசஸ், 'பேர் நியூ டிவைஸ்' என்று போங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ப்ளூடூத். போனும் கேஸும் 1 மீட்டருக்குள் இருக்கட்டும்.
5. பெயர் தெரிந்ததும் தொடுங்கள். தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் பகிரலாமா என்று போன் கேட்டால் மறுத்துவிடலாம். பாட்டுக்கும் அழைப்புக்கும் அது தேவையில்லை.

கூகுள் ஃபாஸ்ட் பேர் வசதியுள்ள பட்ஸோ, ஐபோனுக்கு அருகில் ஏர்பாட்ஸோ இருந்தால் மூடியைத் திறந்ததும் திரையில் அறிவிப்பு வரும். அதைத் தொட்டாலே போதும். அறிவிப்பு வரவில்லை என்றால் பதற வேண்டாம், மேலே சொன்ன வழி எப்போதும் செல்லும்.

பேரிங் மோடில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்கைப் பாருங்கள். வேகமாக மின்னும் வெள்ளை அல்லது நீலம், சில தயாரிப்புகளில் நீலமும் சிவப்பும் மாறி மாறி, இவைதாம் பேரிங்கின் அடையாளம். மின்னாமல் நிலையாக எரிந்தால் அது சார்ஜ் அளவைச் சொல்கிறது.

கேஸில் பட்டன் இருந்தால் மூடியைத் திறந்து வைத்து 3 முதல் 5 நொடி அழுத்திப் பிடியுங்கள். பட்டன் இல்லாத கேஸ் என்றால் இரண்டு பட்ஸின் தொடுபரப்பையும் ஒரே நேரத்தில் விரலால் சில நொடிகள் பிடிக்க வேண்டும். தேவைக்கு மேல் நீட்டிப் பிடிக்காதீர்கள். பல தயாரிப்புகளில் அதே பட்டனை 10 அல்லது 15 நொடி பிடிப்பதுதான் முழு ரீசெட். பேரிங் மோடு சில நிமிடத்தில் தானாக முடிந்துவிடும் என்பதால், போனில் ப்ளூடூத் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிறகு பட்டனை அழுத்துவது நல்லது.

போனின் பட்டியலில் பட்ஸின் பெயரே வரவில்லை. ஏன்?

வேறு ஏதோ ஒரு கருவியோடு அது ஏற்கெனவே இணைந்திருக்கலாம். பழைய போன், லேப்டாப், டேப்லெட், டிவி என எதுவாகவும் இருக்கலாம். ஒன்றோடு இணைந்துவிட்ட பட்ஸ், பேரிங் மோடில் இல்லாதவரை, மற்றவற்றின் தேடலுக்குப் பதில் சொல்லாது. பக்கத்து அறையில் மூடி வைத்த லேப்டாப்பே அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அந்தக் கருவிகளில் ப்ளூடூத்தை முழுவதும் அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

ஐபோன், ஐபாடில் ஒரு நுணுக்கம் உண்டு. கன்ட்ரோல் சென்டரில் உள்ள ப்ளூடூத் பட்டனைத் தொட்டால் ப்ளூடூத் அணைவதில்லை, இணைந்த கருவிகள் மட்டும் துண்டிக்கப்படும். மறுநாள் காலை 5 மணிக்கு அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். 'நேற்றுச் சரிசெய்தேன், இன்று மறுபடி ஐபாட் பிடித்துக்கொண்டது' என்பதற்குப் பல நேரம் இதுவே காரணம். அணைப்பதென்றால் செட்டிங்ஸுக்குள் போய் அணையுங்கள்.

போனின் ப்ளூடூத் பக்கத்தில் பெயர் தெரிந்து, தயாரிப்பாளரின் ஆப்பில் மட்டும் தெரியவில்லை என்றால் அது அனுமதிச் சிக்கல். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, ஆப் வழியாகத் தேட லொகேஷன் அனுமதி வேண்டும், லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் 'நியர்பை டிவைசஸ்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. அதை மறுத்திருந்தால் ஆப் குருடாகிவிடும், ஆனால் பாட்டு கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஒரே பட்ஸுக்கு இரண்டு பெயர்கள் தெரிகின்றன. எதைத் தொடுவது?

பெயரின் முன்னால் 'எல்இ' என்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது ஆப் பேசிக்கொள்வதற்கான குறைமின் இணைப்பு. அந்த எழுத்துகள் இல்லாத பெயரையே தொடுங்கள். சில பழைய, மலிவான தயாரிப்புகளில் இடது, வலது என இரண்டு பெயர் வரும். அப்படியென்றால் இரண்டு பட்ஸும் தங்களுக்குள் இன்னும் கைகோக்கவில்லை என்று பொருள். இரண்டையும் கேஸில் வைத்து மூடி, சில நொடி கழித்து ஒரே நேரத்தில் எடுங்கள். ஒரு பெயர் மட்டும் எஞ்சியதும் அதைத் தொடுங்கள். இரண்டையும் தனித்தனியாகப் போனில் இணைத்தால் எப்போதும் ஒரு காதில்தான் கேட்கும்.

பின் நம்பர் கேட்கிறதே?

0000 கொடுங்கள், ஏற்கவில்லையென்றால் 1234. இன்றைய இயர்பட்ஸ் பொதுவாக எதுவும் கேட்பதில்லை. கேட்டால், தொட்டது உங்கள் பட்ஸைத்தானா என்று பெயரை மறுபடி சரிபாருங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது. என்ன செய்வது?

இதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு. எளியதில் தொடங்குங்கள்.

முதலில் சார்ஜ். கேட்காத பட்ஸைக் கேஸில் வைத்து எடுங்கள். வைக்கும்போது அதன் விளக்கோ கேஸின் விளக்கோ எரிகிறதா, போனில் அந்தப் பக்கத்தின் சார்ஜ் சதவீதம் ஏறுகிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் அது கேஸின் பின்களைத் தொடவே இல்லை. வியர்வையும் காது அழுக்கும் காய்ந்து அந்தப் புள்ளிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காட்டன் பட்ஸால் பட்ஸின் புள்ளிகளையும் கேஸுக்குள் இருக்கும் ஸ்பிரிங் பின்களையும் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். ஸ்பிரிங் பின் வளைந்துவிட்டால் கேஸையே மாற்ற வேண்டும். தனியாக வாங்கிப் போட்ட பெரிய சிலிக்கான் டிப்பும் பட்ஸைத் தூக்கிப் பிடித்து, பின்னைத் தொடவிடாமல் செய்யும். டிப்பைக் கழற்றிவிட்டு வைத்துப் பாருங்கள்.

அடுத்து வலை. சார்ஜ் இருக்கிறது, தட்டினால் 'டிங்' சத்தம் மிக மெலிதாக வருகிறது என்றால் இணைப்பில் குறையே இல்லை, ஒலி வெளியே வரும் வலையை அழுக்கு அடைத்திருக்கிறது. பட்ஸைத் தலைகீழாகப் பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். வலை கீழ்நோக்கி இருந்தால்தான் அழுக்கு உள்ளே போகாமல் வெளியே விழும். வலையில் ஆல்கஹால் ஊற்றாதீர்கள், அழுக்கு கரைந்து உள்ளே இறங்கிவிடும்.

மூன்றாவது, போனின் ஆடியோ பேலன்ஸ். அக்சசிபிலிட்டிப் பகுதியில் இடது வலது என்று ஒரு நகர்த்தி இருக்கும். கை தவறி ஒரு ஓரத்துக்குப் போயிருந்தால் எந்த ஹெட்செட்டை மாட்டினாலும் ஒரு பக்கம்தான் கேட்கும். நடுவில் வையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் நான்காவது: இரண்டு பட்ஸுக்கும் இடையேயான பிணைப்பு அறுந்திருக்கிறது. இங்கே ரீசெட் நியாயமானது. போனில் ஃபர்கெட் செய்துவிட்டு, இரண்டையும் கேஸில் வைத்தபடியே தயாரிப்பாளர் சொன்ன முறையில் ரீசெட் செய்யுங்கள். ஒன்றை வெளியே வைத்துக்கொண்டு ரீசெட் செய்தால் பிணைப்பு திரும்ப வராது.

பாட்டு விட்டுவிட்டு, வெட்டி வெட்டிக் கேட்கிறது. பட்ஸ் கெட்டுவிட்டதா?

எந்த இடத்தில் வெட்டுகிறது என்று கவனியுங்கள். வீட்டில் சரி, நெரிசலான ரயில் நிலையத்தில் தகராறு என்றால் பட்ஸ் கெடவில்லை.

ப்ளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, வயர்லெஸ் மவுஸ் எல்லாம் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன. ஒலியைச் சுமக்கும் வழக்கமான ப்ளூடூத் இந்த அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 தடவை வரை தடம் மாறித் தாவும். நெரிசலான தடங்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் தாவவும் அதற்குத் தெரியும். எல்லாத் தடமும் நெரிந்துவிட்டால் ஒலித் துண்டுகள் வந்துசேராமல் போகும், அதுவே நீங்கள் கேட்கும் வெட்டு.

இன்னொரு தடை உங்கள் உடம்பு. உடலில் நிறைந்திருக்கும் நீர் இந்த அலைகளை விழுங்கிவிடும். போன் இடது பின்பாக்கெட்டில் இருந்து, போனோடு நேரடியாகப் பேசும் பட்ஸ் வலது காதில் இருந்தால் அலை உடலைச் சுற்றித்தான் வர வேண்டும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பி எப்படியோ வந்துவிடும். வெட்டவெளியில் திரும்பிவரச் சுவரே இல்லை. மைதானத்தில் நடக்கும்போது மட்டும் வெட்டுவதன் மர்மம் இதுதான். போனைச் சட்டைப் பைக்கோ மறுபக்கப் பாக்கெட்டுக்கோ மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லாத தீர்வுகளில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

வீட்டில் வெட்டினால் போனின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். லேப்டாப்பில் வெட்டினால் யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகிய ஹார்ட் டிஸ்கையும் ஹப்பையும் சந்தேகியுங்கள். அந்த வகை யுஎஸ்பி இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும். சற்று நீளமான கேபிள் போட்டுத் தள்ளி வைத்தால் குறையும்.

எல்டாக் என்ற கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) உள்ள பட்ஸ் என்றால் இன்னொன்று. அது நொடிக்கு 990, 660, 330 கிலோபிட் என மூன்று வேகத்தில் ஓடும். 990-இல் பூட்டி வைத்தால் தரம் உயரும், சிறு தடைக்கும் அறுந்துவிடும். ஆப்பில் 'ஒலித்தரத்துக்கு முன்னுரிமை' என்பதற்குப் பதில் 'இணைப்புக்கு முன்னுரிமை' என்று வையுங்கள். வெளியில் நடந்துகொண்டு கேட்கிறவர்களுக்கு 990 வீண் ஆசை.

பாட்டு அருமையாக இருக்கிறது, அழைப்பு வந்தால் ஒலி மட்டமாகிவிடுகிறதே?

குறையல்ல, அமைப்பே அப்படி. பாட்டுக்கு ஏ2டிபி என்ற வழி. அதில் ஒலி ஒரு பக்கமாகத்தான், போனிலிருந்து காதுக்கு மட்டுமே போகும். எனவே ஸ்டீரியோவாக, நல்ல தரத்தில் அனுப்ப இடம் உண்டு. மைக் தேவைப்பட்டதும் எச்எஃப்பி என்ற அழைப்பு வழிக்கு மாறுகிறது. அதில் இரண்டு திசையிலும் குரல் போக வேண்டும். ஒலி மோனோவாகி, நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்கும். பாட்டு வழியில் இது 44,100 அல்லது அதற்கு மேல்.

லேப்டாப்பில் வீடியோ மீட்டிங்கின்போது பாட்டும் மட்டமாகக் கேட்பது இதனால்தான். மீட்டிங் ஆப்பில் மைக்காக லேப்டாப்பின் மைக்கையும், ஸ்பீக்கராக மட்டும் பட்ஸையும் தேர்ந்தெடுங்கள். ஒலி உடனே பழைய தரத்துக்குத் திரும்பும். போனும் பட்ஸும் எல்இ ஆடியோ என்ற புதிய ஒலி முறையை ஆதரித்தால் இந்தச் சுருக்கம் வெகுவாகக் குறையும். ஆனால் இரண்டு பக்கமும் அது இருந்தாக வேண்டும்.

பாட்டு பட்ஸில் வருகிறது, அழைப்பு மட்டும் போனிலேயே கேட்கிறது. அல்லது இதற்கு நேர்மாறு.

ஆண்ட்ராய்டில் பட்ஸின் பெயருக்கு அருகில் உள்ள கியர் சின்னத்தைத் தொட்டால் 'போன் கால்ஸ்', 'மீடியா ஆடியோ' என்று இரண்டு பட்டன்கள் இருக்கும். அணைந்திருப்பதை ஆன் செய்யுங்கள். அழைப்பின் நடுவே மட்டும் இப்படியென்றால் அழைப்புத் திரையில் ஸ்பீக்கர் சின்னத்தைத் தொட்டுப் பட்ஸைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

வீடியோவில் உதடசைவுக்குப் பின்னால் சத்தம் வருகிறது.

போன் ஒலியைச் சுருக்கி அனுப்ப வேண்டும், பட்ஸ் அதை விரித்து, கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு ஒலிக்க வேண்டும். வழக்கமான கோடெக்குகளில் இதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதமாகும். நல்ல வீடியோ ஆப்கள் படத்தையும் அதே அளவு தாமதித்துப் பொருத்திவிடும். கேமில் அப்படிச் செய்ய முடியாது, சுட்ட பிறகுதான் சத்தம் வரும். பட்ஸில் கேம் மோடு இருந்தால் ஆன் செய்யுங்கள். சேமிப்பு குறைவதால் தாமதம் குறையும், பதிலுக்கு இணைப்பு சற்று வெட்டும். போட்டியாக விளையாடுகிறவர்கள் வயர் ஹெட்போனுக்கே போய்விடலாம்.

ஒரே நேரத்தில் போன், லேப்டாப் இரண்டிலும் வைத்துக்கொள்ளலாமா?

மல்டிபாயின்ட் வசதி இருந்தால் முடியும். இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள், சில தயாரிப்புகளில் ஆப்புக்குள் போய் ஆன் செய்ய வேண்டும். இரண்டோடும் இணைந்திருக்கும், ஒலி ஒன்றிலிருந்துதான் வரும். லேப்டாப்பில் வரும் ஒரு சிறு அறிவிப்புச் சத்தம் போனின் பாட்டை நிறுத்திவிடுவது இதன் நிரந்தரத் தொல்லை. லேப்டாப்பில் அறிவிப்பு ஒலிகளை அணைத்து வையுங்கள்.

கேஸில் வைத்து மூடிய பிறகும் போனோடு இணைந்தே இருக்கிறது.

கேஸின் பேட்டரி தீர்ந்திருக்கும். தான் கேஸுக்குள் வந்துவிட்டதைப் பட்ஸ் அறிவது சார்ஜ் பின்கள் வழியாகத்தான். கேஸில் உயிர் இல்லையென்றால் வெளியே இருப்பதாகவே நினைத்து இயங்கிக்கொண்டிருக்கும், அழைப்பு வந்தால் குரலும் மூடிய கேஸுக்குள் போய்விடும். கேஸைச் சார்ஜில் போடுங்கள். தீரவில்லையென்றால் பின்களைத் துடையுங்கள்.

யாரும் தொடாமலே பாட்டு நின்றுவிடுகிறது.

காதில் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சாரின் மேல் அழுக்கோ வியர்வையோ இருக்கும். பட்ஸின் உட்பக்கத்தில் தெரியும் கருப்புப் புள்ளியைத் துடையுங்கள். முடி, தொப்பி, ஈரக்கை தொடுபரப்பில் படுவதும் 'தட்டியதாக' எடுத்துக்கொள்ளப்படும். சரிவராவிட்டால் ஆப்பில் காது உணரும் வசதியை அணைத்துவிடலாம்.

வால்யூம் முழுக்க வைத்தும் சத்தம் குறைவு.

வலையில் அழுக்கு இல்லையென்றால், போனின் வால்யூமும் பட்ஸின் வால்யூமும் தனித்தனியே நிற்கின்றனவா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸின் 'அபவுட் போன்' பகுதியில் பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'டிசேபிள் அப்சல்யூட் வால்யூம்' என்பதை மாற்றி, பட்ஸைத் துண்டித்து மறுபடி இணைத்துப் பாருங்கள். முதலில் வால்யூமைக் குறைத்துவிட்டு இதைச் செய்யுங்கள், திடீரென்று காதைப் பிளக்கலாம்.

எதற்கும் மசியவில்லை. எந்த வரிசையில் ரீசெட் செய்வது?

இழப்பு குறைவானதிலிருந்து மேலே போங்கள். போனின் ப்ளூடூத்தை அணைத்து 10 நொடி கழித்து ஆன் செய்யுங்கள். போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபர்கெட் செய்து மறுபடி பேரிங் செய்யுங்கள். பிறகு பட்ஸின் முழு ரீசெட்: பின்பக்கப் பட்டன் உள்ள ஏர்பாட்ஸ் கேஸில், மூடி திறந்த நிலையில் 15 நொடியளவு அழுத்தினால் விளக்கு ஆரஞ்சாக மின்னி வெள்ளைக்கு மாறும். மற்றவற்றுக்கு அதனதன் கையேட்டைப் பாருங்கள், முறை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

கடைசியாகப் போனின் நெட்வொர்க் ரீசெட். ஆண்ட்ராய்டில் ரீசெட் ஆப்ஷன்ஸ் பகுதியில் ப்ளூடூத், வைஃபை ரீசெட் இருக்கும். ஐபோனில் ஜெனரல் பகுதியின் கடைசியில் உள்ள 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்', அதற்குள் 'ரீசெட்', அதில் 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்'. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும், குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். தொடக்கத்தில் சொன்ன சோதனையில் குறை பட்ஸில் என்று தெரிந்திருந்தால் இந்தப் படி உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

போனில் ப்ளூடூத் 4.2, பட்ஸில் 5.3. இணையுமா?

இணையும். புதிய பதிப்பு பழையதோடும் பேசும். 5.3-இன் புது வசதிகள் மட்டும் கிடைக்காது.

ஒன்று தொலைந்துவிட்டது. தனியாக ஒன்று வாங்கிச் சேர்க்கலாமா?

தயாரிப்பாளரே தனியாக விற்றால் சேர்க்கலாம். மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், தலைமுறை மாறினால் சேராது. இரண்டின் ஃபர்ம்வேர் (பட்ஸுக்குள் இயங்கும் மென்பொருள்) பதிப்பும் வேறாக இருந்தால் முதலில் பிணைய மறுக்கும். இரண்டையும் கேஸில் வைத்து, சார்ஜரில் மாட்டி, போனை அருகில் வைத்து, பதிப்பு ஒன்றாகும்வரை விட்டுவிடுங்கள். பிறகு முழு ரீசெட். பழைய பட்ஸின் பேட்டரி தேய்ந்திருப்பதால் அந்தப் பக்கம் எப்போதும் முன்னதாகவே தீரும், அதற்கு மருந்தில்லை.

இன்னொருவருக்குக் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் போன், டேப்லெட், லேப்டாப் எல்லாவற்றிலும் ஃபர்கெட் செய்யுங்கள். 'தொலைந்ததைக் கண்டுபிடி' வகை ஆப்பில் உங்கள் கணக்கோடு சேர்த்திருந்தால் அங்கிருந்தும் நீக்குங்கள். இதை விட்டுவிட்டு ரீசெட் மட்டும் செய்தால் வாங்கியவரால் தன் கணக்கில் சேர்க்க முடியாமல் போகலாம். அதன் பிறகு பட்ஸை முழு ரீசெட் செய்து, டிப்பைக் கழற்றிக் கழுவி, காயவைத்துக் கொடுங்கள்.